பழுப்பு பூசினால் பழசாகிவிடுமா? லாங்போர்டு காலத்துக் கடற்கரைப் போஸ்டர்

ஜூன் 2, இரவு 10.15 · கேட்டவர்

1960களின் கலிஃபோர்னியா லாங்போர்டு (அலைச்சறுக்குக்கான நீளப் பலகை) போஸ்டர் பாணியில் ஒரு படம். ஏ2 அளவு, ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் போக வேண்டும். இடம் மாலிபு. ஒருத்தன் பலகையின் மூக்கில், அதாவது முன் நுனியில், பத்துக் கால்விரலும் வெளியே நீட்டி நிற்கிறான். பின்னால் கடலில் இறங்கும் சூரியன். முன்னால் ஃபோக்ஸ்வாகன் வேன், அதன் கூரையில் பலகைகள், பக்கத்தில் மணலில் நட்ட ஒரு பலகை. இரண்டு ஓரத்திலும் தென்னை. இதற்கு மேல் பழுப்பு டெக்ஸ்சர், மடிப்புக் கோடு, காபிக் கறை வரைக்கும் போட்டாச்சு. பார்க்கிறவர்கள் எல்லாரும் "நல்லாருக்கு, ஆனா பழசு மாதிரி இல்லை" என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வெளிறடித்தால் சரியாகிவிடும் என்று படுகிறது. எவ்வளவு வெளிறடிக்கலாம்?

ஜூன் 2, இரவு 11.40 · பலகைக்காரர்

வெளிறடிக்காதீர்கள். இருக்கிற பழுப்பையும் எடுங்கள்.

இந்தப் பாணிக்கே தாய் என்று ஒரு போஸ்டரைச் சொல்வார்கள்: 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற அலைச்சறுக்குப் படத்துக்கு ஜான் வான் ஹாமர்ஸ்வெல்ட் 1964இல் செய்தது. அதில் மங்கல் எங்கே இருக்கிறது? ஃப்ளோரசன்ட் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், மேலே கறுப்பு உருவங்கள். கண்ணைக் குத்தும். டேனா பாயிண்ட் பக்கம் சால்ட் கிரீக் கடற்கரையில் எடுத்த ஒரு புகைப்படத்தை, நிறத்துக்கு ஒரே அடுக்கு என்று சுருக்கி, விளிம்பைக் கத்தி போல வெட்டிச் செய்தது. சாயல் இறக்கம் கிடையாது, அச்சுப் புள்ளி கிடையாது, தலைப்பு எழுத்து கையால் வரைந்தது.

நாம் இன்று பழைய தாளில் பார்ப்பது வெயில் தின்றது போக மிச்சம். அந்த மிச்சத்தைப் பார்த்து வரைந்தால், போஸ்டரை வரையவில்லை, அது வெளுத்ததை வரைகிறீர்கள்.

ஜூன் 3, காலை 6.50 · பலகைக்காரர்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று. குற்றம் நிறத்தில் மட்டும் இல்லை.

முதலில் தென்னை. மாலிபுவில் தென்னைக்கு என்ன வேலை? தென் கலிஃபோர்னியாவின் குளிர்காலம் அதற்கு ஆகாது. அங்கே வானத்தில் குச்சி நட்டமாதிரி நிற்பது வாஷிங்டோனியா என்கிற விசிறி ஓலை மரம். ஓலை நம் பனை ஓலை ஜாதி. தண்டு மட்டும் பனையைவிட மெலிசு, உயரம் கூடுதல். பனை வரையத் தெரிந்த கைக்கு இது பெரிய காரியம் இல்லை. தலையைச் சின்ன உருண்டையாகப் போட்டு, அதற்குக் கீழே காய்ந்த மட்டைகளைப் பாவாடை மாதிரித் தொங்கவிட்டால் மரம் வந்துவிடும். தென்னைதான் வேண்டும் என்றால் இடத்தை ஹவாயின் வைக்கீக்கிக்கு மாற்றுங்கள். அப்போது கரையிலிருந்து கடலைப் பார்க்கையில் டைமண்ட் ஹெட் மலை இடது பக்கம் வர வேண்டும், வலது பக்கம் அல்ல.

மாலிபுவைச் சொல்ல மரமே வேண்டாம். அந்த மரப்பாலம் போதும். 1905இல் போட்டது, கடலுக்குள் நீளும் கால்வரிசை, நுனியில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு கட்டடம். அலை ஆடுகிற கரையில் நின்று கடலைப் பார்த்தால் பாலம் இடது கைப்பக்கம். உங்கள் படத்தில் வலது பக்கம் நிற்கிறது.

ஜூன் 3, காலை 9.05 · கேட்டவர்

பாலம் சும்மா ஓரத்தை நிரப்ப வைத்தது. அதை மட்டும் தூக்கி இடது பக்கம் வைத்துவிட்டால் போதுமா?

ஜூன் 3, காலை 9.30 · பலகைக்காரர்

போதாது. அலையும் சேர்ந்து திரும்ப வேண்டும். மாலிபு 'வலது அலை'. அதில் நிற்கிறவன் கரையைப் பார்த்தபடி தன் வலது பக்கம் ஓடுகிறான். கரையில் நின்று பார்க்கிற நமக்கு அவன் இடது பக்கம், அதாவது பாலத்தை நோக்கி வருகிறான். ஆகவே படத்தில் நுரை அவன் உருவத்துக்கு வலப்புறம், உடையாத சுத்தமான நீர் இடப்புறம். உங்கள் படத்தில் எல்லாமே எதிர்த் திசை.

நிற்பும் பாருங்கள். இடது கால் முன்னால் வைப்பவர்கள்தான் பெரும்பாலோர், 'ரெகுலர்' என்பார்கள். வலது அலையில் ரெகுலர் ஆள் அலையைப் பார்த்து நிற்பான். கரைக்குத் தெரிவது அவன் முதுகு. நீங்கள் முகம் காட்டியிருக்கிறீர்கள்.

ஜூன் 3, பகல் 12.20 · கேட்டவர்

படத்தை மொத்தமாகக் கண்ணாடித் திருப்பல் செய்துவிட்டேன். அலை, பாலம் இரண்டும் சரியான பக்கம் வந்துவிட்டன. ஒரே கிளிக்.

ஜூன் 3, பகல் 12.35 · பலகைக்காரர்

அதே கிளிக்கில் வேனின் ஸ்டீயரிங் வலது பக்கம் போய்விட்டது. நம்பர் பிளேட்டும் இடவலம் மாறிவிட்டது. இப்போது அது அமெரிக்க வேன் இல்லை, கோடம்பாக்கம் வேன்.

ஜூன் 3, மாலை 7.10 · பலகைக்காரர்

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். முதுகு தெரியும் என்றது, பலகையின் நடுவில் நின்று ஓட்டும் சாதாரண நிற்புக்கு. பத்து விரலையும் நீட்டி நிற்பவனுக்கு அது பொருந்தாது. அங்கே இரண்டு பாதமும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, உடம்பு போகிற திசையைப் பார்க்கும். ஆகவே கரையிலிருந்து தெரிவது இடப்பக்கத் தோற்றம். முகம் பக்கவாட்டில் தெரியலாம். அலை அவன் வலது கையருகே. முதுகு தெரிய வேண்டும் என்றால் 'ஹேங் ஃபைவ்' என்கிற ஐந்து விரல் நிற்பு வையுங்கள்: முன்கால் மட்டும் மூக்கில், பின்கால் ஒரு முழம் தள்ளி, முழங்கால் கொஞ்சம் மடங்கி, உடம்பு பாதி திரும்பி. வரைய அது அழகு, பார்க்கிறவனுக்கும் தடுமாற்றம் தெரியாது.

எந்த நிற்பானாலும் ஒன்று. அவன் குனியக் கூடாது. உங்கள் ஆள் சண்டைக்குப் போகிறவன் மாதிரி இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருக்கிறான். அது குட்டைப் பலகைக்காரன் உடம்பு. லாங்போர்டு நிற்பு நிமிர்ந்தது. இடுப்பு கொஞ்சம் முன்னே, முதுகு கொஞ்சம் பின்னே வளைந்து, கைகள் தொடையை ஒட்டித் தளர்ந்து, பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி. "பழசு மாதிரி இல்லை" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 4, காலை 8.00 · கேட்டவர்

ஒரு சந்தேகம். 9 அடிப் பலகையின் நுனியில் ஓர் ஆள் ஏறி நின்றால் மூக்கு முழுகிவிடாதா? அதனால்தான் வாலைத் தூக்கி, தண்ணீருக்கு மேலே தெரியும்படி வரைந்தேன்.

ஜூன் 4, காலை 8.25 · பலகைக்காரர்

வாலைத் தூக்கினால்தான் முழுகும். மூக்கில் நிற்க முடிவதே வால் அலைக்குள் மாட்டிக்கொள்வதால். உடைகிற நீர் வாலின் மேல் விழுந்து அழுத்துகிறது; பலகை ஓரமாகக் கொஞ்சம் அலைச் சுவரில் புதைந்திருக்கிறது; மூக்கின் அடிப்பகுதியில் குழிவு இருந்தால் அடியில் ஓடும் நீர் மேலே தள்ளுகிறது. கிணற்று ஏற்றம் மாதிரிதான், ஒரு முனையில் கனம் இருப்பதால் மறுமுனையில் ஆள் நிற்கலாம். ஆகவே வரையும்போது பலகையின் பின் மூன்றில் ஒரு பங்கை நுரைக்குள் ஒளியுங்கள். வால் தெரியவே வேண்டாம். தெரிந்தால், இன்னும் அரை நொடியில் விழப்போகிறவனை வரைந்திருக்கிறீர்கள்.

அலையின் உயரமும் அதிகம். குழாய் மாதிரி உருண்டு மூடும் அலை வேண்டாம், அது ஹவாய் வடகரைச் சரக்கு. மூக்கு நிற்புக்கு இடுப்பிலிருந்து தோள் வரை உயரம் போதும், ஆனால் நீளமாக ஓட வேண்டும். படத்தின் முக்கால் அகலத்துக்கு ஒரே கோடாக இழுத்துவிடுங்கள்.

இதை ஒரு பந்தயமாகவே வைத்தார்கள். 1965இல் வென்ச்சுராவில் டாம் மோரி நடத்தியது. அழகுக்கு மதிப்பெண் இல்லை. பலகையின் முன்பக்க நாலில் ஒரு பங்கில் எத்தனை நொடி நின்றான் என்று கடிகாரம் வைத்து எண்ணினார்கள். அதே மோரிதான் 1971இல் குப்புறப் படுத்து ஓட்டும் பூகி போர்டைச் செய்தவர். நிற்கவும் வைத்தார், படுக்கவும் வைத்தார்.

ஜூன் 4, இரவு 9.15 · பலகைக்காரர்

பலகையின் உருவத்துக்கு வருகிறேன். இதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

நல்ல சராசரி: நீளம் 9 அடி 6 அங்குலம், அகலம் 22¾ அங்குலம், தடிப்பு 3. நீளம் அகலத்தைப் போல 5 மடங்கு. மணலில் நட்ட உங்கள் பலகையை அளந்தால் 7 மடங்கு வருகிறது. அது பலகை இல்லை, ஈட்டி. ஆளோடு ஒப்பிட்டால் பலகை அவன் உயரத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

மூக்கு கூராக இருக்கக் கூடாது. நுனியிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தால் அங்கேயே 17, 18 அங்குல அகலம் இருக்கும். கரண்டியின் தலை மாதிரி ஒரு வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் கிட்டத்தட்ட நேர்கோடு, மூக்கில் மட்டும் லேசான தூக்கல். உங்களுடையது வாழைப்பழம்.

எடை 12 முதல் 15 கிலோ. அகலமும் சேர்ந்துகொள்வதால் அக்குளில் சுலபமாக இடுக்க முடியாது. அந்தப் புகழ்பெற்ற போஸ்டரில் முன்னால் நிற்பவர் பலகையைத் தலையில் சுமப்பது பாவனைக்கு இல்லை, அப்படித்தான் தூக்குவார்கள். அவர் அந்தப் படத்தை இயக்கிய புரூஸ் பிரவுன். பின்னால் சின்னதாகத் தெரிபவர்கள்தான் நடித்த இருவர்.

நீக்க வேண்டியவை: காலில் கட்டிய கயிறு. 1970களின் தொடக்கத்தில் வந்த சமாச்சாரம் அது. அதற்கு முன் விழுந்தால் பலகை கரைக்குப் போகும், ஆள் நீந்திப் போக வேண்டும். அடியில் மூன்று ஃபின் (மீன் செதில் மாதிரி நீட்டும் தகடு) போட்டிருக்கிறீர்கள், அது 1981இன் ஏற்பாடு. ஒரே ஒரு பெரிய ஃபின், வாலோடு ஒட்டினாற்போல். வால் பக்கம் நுரைமெத்தை ஒட்டிய மாதிரி ஒரு கறுப்புச் சதுரம் தெரிகிறதே, அதையும் எடுங்கள். பலகையில் பூசியது பாரஃபின் மெழுகு, மளிகைக்கடையில் கட்டியாக விற்றது.

ஜூன் 5, காலை 7.20 · பலகைக்காரர்

நேற்று விட்டது: பலகையின் மேல்பரப்பு. வெறும் வெள்ளை நீள்வட்டமாக இருந்தால் செத்துப்போகும். நெருங்கிப் பார்த்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

நடுவில் தலையிலிருந்து வால் வரை மரக்கோடு. ஸ்டிரிங்கர் என்பார்கள். 1950களின் கடைசியில் ஹோபி ஆல்டர் வகையறா பால்சா மரத்தை விட்டுவிட்டு பாலியுரத்தேன் நுரைக்கு மாறினார்கள். நுரை தனியாக நின்றால் முறியும், அதனால் நீளவாக்கில் பிளந்து நடுவில் மெல்லிய மரச்சட்டம் வைத்து ஒட்டினார்கள். ஒன்று, மூன்று என்று வரும். ரெட்வுட் போட்டால் செங்கல் நிறம்.

விளிம்பை ஒட்டிச் சுற்றிவர ஒரு பட்டை. அடியில் போர்த்திய கண்ணாடியிழைத் துணி மேலே மடிந்து வருகிற இடம் அது, இரண்டு விரல் அகலம். அந்தக் காலத்து வோலான் துணிக்கு லேசான பச்சைச் சாயல் உண்டு. துணி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் அது கூடுதலாகத் தெரியும், பழைய கண்ணாடிப் பாட்டிலின் அடி மாதிரி. மடிப்பின் முடிவை மறைக்க, அதன்மேல் மெல்லிய ஒரு வண்ணக் கோடு இழுப்பார்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடு இடைவெளியில் நிறம் கலந்த ரெசினைத் தடவி, அது இறுகுமுன் டேப்பை உரிப்பது. இறுகிய பிறகு உரித்தால் கோடு பல்லுப் பல்லாகப் பெயரும்.

படத்தில் இந்த மூன்றும் போதும்: நடுக்கோடு, பட்டை, வண்ணக்கோடு. மூக்குப் பக்கம் ஒரு சின்ன வைர வடிவச் சின்னம் வைத்தால் சரி. யாருடைய உண்மையான சின்னத்தையும் போடாதீர்கள், அவை இன்றும் விற்பனையில் இருக்கும் பெயர்கள்.

ஜூன் 5, பகல் 1.40 · ஸ்கிரீன்காரர்

பலகைக்காரர் சொன்னதெல்லாம் சரி, அச்சில் நிற்குமா என்று யாராவது பார்க்க வேண்டாமா? கேட்டவர் ஆளை 14 செ.மீ. உயரம் வைத்திருக்கிறார். அதாவது ஏறக்குறைய 12½இல் ஒன்று. கால் அங்குல ஸ்டிரிங்கர் இந்தக் கணக்கில் அரை மி.மீ. வரும். ஒருமுறை அடித்தால் நிற்கும், இருபதாவது தாளில் மை காய்ந்து அடைத்து, கோடு புள்ளி புள்ளியாகும். முக்கால் அங்குல மரம் போட்ட பலகையும் அந்தக் காலத்தில் உண்டு. அதை வரைந்தால் 1½ மி.மீ., நிம்மதி. வண்ணக்கோட்டை 0.8க்குக் கீழே இறக்காதீர்கள்.

நிறத்துக்கு மூன்று ஸ்கிரீன் போதும். மஞ்சள், இளஞ்சிவப்பு, கறுப்பு. ஃப்ளோரசன்ட் மை ஒளி ஊடுருவும் ஜாதி. மஞ்சள்மேல் இளஞ்சிவப்பு ஏறினால் தகதக ஆரஞ்சு தானே கிடைக்கும். வானம் இளஞ்சிவப்பு மட்டும். கடல் இரண்டும். சூரியனும் மணலும் மஞ்சள் மட்டும். நுரையும் எழுத்தும் வெறும் தாள். ஆக மூன்று ஸ்கிரீனில் ஐந்து நிறம். பேண்டோன் நிற எண் வேண்டுமென்றால் மஞ்சள் 803, இளஞ்சிவப்பு 806.

ஸ்கிரீன் துணி 120டி, அதாவது செ.மீ.க்கு 120 இழை. மையை இழுக்கும் ரப்பர் பட்டை, ஸ்க்வீஜி, 70 முதல் 75 கடினம். தாளுக்கும் துணிக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி. சட்டத்தின் உள்ளளவு 62க்கு 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலாபக்கமும் 10 செ.மீ. இல்லாவிட்டால் ஓரத்தில் துணி வளையாது, மை படியாது.

ஜூன் 5, மாலை 6.00 · ஸ்கிரீன்காரர்

திருத்தம். 120டி கறுப்புக்கு மட்டும். ஃப்ளோரசன்ட் நிறமியின் துகள் பருமன், நெருக்கமான துணியில் அடைக்கும், படிவும் மெல்லிசாகும். மஞ்சளுக்கும் இளஞ்சிவப்புக்கும் 77டி. இன்னும் தடிப்பு வேண்டுமென்றால் 61டி, ஆனால் அப்போது எழுத்தின் மூலைகள் மொழுக்கென்று ஆகும்.

ஜூன் 6, காலை 10.30 · கேட்டவர்

நிறம் பிரித்துவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில் இளஞ்சிவப்பு சாதாரண ரோஸ் மாதிரிதான் தெரிகிறது. டிஜிட்டல் பிரிண்ட் எடுத்தாலும் அதே கதி.

ஜூன் 6, காலை 10.50 · ஸ்கிரீன்காரர்

திரையில் தெரியாது. ஃப்ளோரசன்ட் மை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் வாங்கித் தெரிகிற ஒளியாகத் திருப்பி விடுகிறது. நான்கு நிற அச்சில் அதைக் கொண்டுவர வழியே இல்லை. இணையத்தில் அந்தப் போஸ்டரின் படத்தைப் பார்த்து நிறம் எடுக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். மைக்கடையில் நிற அட்டையை வெயிலில் வைத்துப் பாருங்கள்.

தாள் பளிச் வெள்ளையாக இருக்க வேண்டும், 300 கிராம். பழமைக்காக என்று க்ரீம் தாள் வாங்கினால் முதல் அடியிலேயே இளஞ்சிவப்பு சுண்டிவிடும்.

ஜூன் 6, இரவு 8.45 · பலகைக்காரர்

சூரியனைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன். மாலிபு கரை தெற்கு பார்த்தது. கோடையில் சூரியன் வடமேற்காக, மலைப்பக்கம்தான் மறையும். கடலில் விழுவது குளிர்காலத்தில். ஆனால் மாலிபு அலை நன்றாக வருவதோ தெற்கிலிருந்து அலை வரும் கோடையில். ஆக, நல்ல அலையும் கடலில் விழும் சூரியனும் ஒரே படத்தில் சேராது.

ஜூன் 6, இரவு 9.10 · கேட்டவர்

அப்போ சூரியனையும் எடுத்துவிடட்டுமா? மரம் போச்சு, கயிறு போச்சு, காபிக் கறை போச்சு. கடைசியில் வெள்ளைத் தாள் மட்டும் மிஞ்சும் போல.

ஜூன் 6, இரவு 9.40 · பலகைக்காரர்

யோசித்தேன். சூரியன் இருக்கட்டும். போஸ்டர் வரைபடமல்ல. தட்டையான வட்டம் ஒன்று உச்சியில் இருந்தால் அது எந்நேரத்துச் சூரியன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடல்கோட்டைத் தொட்டுப் பாதி மறைந்தால்தான் கேள்வி வரும். வட்டத்தைத் தொடுவானத்திலிருந்து மேலே தூக்கி, முழுசாக வையுங்கள். பாலத்தின் திசையும் ஆளின் நிற்பும் அப்படி இல்லை, அவற்றில் சமரசம் வேண்டாம். ஒன்று இடத்தின் அடையாளம், மற்றது காலத்தின் அடையாளம்.

ஜூன் 7, காலை 7.00 · பலகைக்காரர்

வேன். முன்கண்ணாடி ஒரே வளைந்த துண்டாக இருக்கிறது. அது 1967 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வண்டி. அதற்குள் குட்டைப் பலகை வந்து லாங்போர்டு வழக்கொழியத் தொடங்கிவிட்டது. 1960களின் முற்பாதி என்றால் முன்கண்ணாடி நடுவில் பிளந்த பழைய வேன். நீளம் ஏறக்குறைய 4.2 மீட்டர், பலகை 2.9 மீட்டர். கூரையில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை அடைக்கும். உங்களுடையது இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு, சாரம் கட்டும் மூங்கில் ஏற்றிய வண்டி மாதிரி இருக்கிறது.

மாற்று யோசனை: மரப்பக்க வண்டி, 'வுடி'. ஃபோர்டு உண்மையான மரப் பக்கத்தை 1951 மாடலோடு நிறுத்திவிட்டது. மரத்துக்கு வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உளுக்கும். அதனால் பழைய வண்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன, காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். வரைவதானால் சட்டம் வெளிர் நிறம், இடையில் உள்ள பலகம் அடர் நிறம். மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மூன்று ஸ்கிரீனில் சட்டத்தை மஞ்சள், பலகத்தை ஆரஞ்சு என்று வைத்தால் தானாக அமையும். பலகைகள் பின்கதவு வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஜூன் 7, பகல் 11.30 · கேட்டவர்

வுடிக்கு மாறுகிறேன். ஒரு பக்கத்துக் கேள்வி: ஓரத்தில் நம்ம ஊர் ஞாபகமாக ஒரு கட்டுமரம் வைக்கலாமா?

ஜூன் 7, பகல் 11.50 · பலகைக்காரர்

கூடாது. ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. மேலே சொன்ன ஹோபி ஆல்டர் 1960களின் கடைசியில் இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றைச் செய்தார், பெயர் ஹோபி கேட். அந்தக் 'கேட்' பூனை இல்லை. கேட்டமரன் என்பதன் தலை, அதாவது நம் 'கட்டு'. கலிஃபோர்னியாக் கடற்கரையில் தமிழ் ஏற்கெனவே மணலில் இழுத்துப் போட்டுக் கிடக்கிறது, நீங்கள் தனியாகக் கொண்டுபோக வேண்டாம்.

ஜூன் 7, இரவு 10.00 · பலகைக்காரர்

இன்னொன்று, இது அளவு சம்பந்தப்பட்டது இல்லை. உங்கள் படத்தில் கரையில் நிற்கும் ஏழு பேரும் பொன்னிற முடி. இந்தப் பாணியில் எல்லாரும் அப்படித்தான் வரைகிறார்கள், அலுப்பாக இருக்கிறது. மாலிபுவில் நிக் கபல்டோன் என்று ஒருவர் இருந்தார். கறுப்பின, மெக்சிக வம்சாவளி. சான்டா மோனிகாவிலிருந்து மாலிபு வரை 12 மைல் பலகையில் கைத்துடுப்பு போட்டே வருவார். 1951இல் அந்த மரப்பாலத்தின் காலில் மோதி இறந்தார். பாலத்தை வரைகிறவர்கள் அதை அழகுப் பொருளாக மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் உருவங்களைக் கறுப்பு நிழலாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஸ்கிரீன் கணக்குக்கும் அதுதான் சௌகரியம்.

ஜூன் 8, காலை 9.20 · கேட்டவர்

இந்தப் பாணியில் பேனா மைக் கோடுகளால் நிரப்பிய படங்களும் பார்த்திருக்கிறேனே. அது வேறு கிளையா?

ஜூன் 8, காலை 9.45 · பலகைக்காரர்

வேறு. அது பத்திரிகைக் கிளை. ஜான் செவர்சன் ஓவியம் படித்தவர். 1960இல் தன் அலைச்சறுக்குத் திரைப்படத்துக்கு விளம்பரமாக 36 பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டார், அதுவே 'சர்ஃபர்' பத்திரிகை ஆனது. ரிக் கிரிஃபின் அதில் மர்ஃபி என்ற துறுதுறுப் பையனை வரைந்தார். நெருக்கமான கோடு, அசட்டுச் சிரிப்பு, அலையைவிடப் பெரிய தலை. இரண்டு கிளையையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். தட்டை நிறத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டால் இரண்டுமே கெடும்.

ஜூன் 11, இரவு 9.30 · கேட்டவர்

முதல் சோதனை அச்சு. மஞ்சள் நன்றாக வந்தது. இளஞ்சிவப்பு போட்டபோது சூரியனைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பிறை தெரிகிறது. ஐந்து தாளில் ஐந்து விதமாக. தாளை வாங்கிய அன்றே அடித்தேன்.

ஜூன் 11, இரவு 10.10 · ஸ்கிரீன்காரர்

இரண்டு தவறு. தாள் அச்சறையின் ஈரப்பதத்துக்கு ஒரு நாளாவது பிரித்துப் போட்டுப் பழக வேண்டும். நீர் மை வேறு, முதல் நிறம் ஏறினதும் தாள் கொஞ்சம் உப்பும். கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் முழுக்கக் காய்ந்து, தாள் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே இளஞ்சிவப்பு. தாளை நிறுத்த மூன்று தடை போதும்: நீளப் பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று. நான்காவது வைத்தால் தாள் தடைக்குள் நெருக்கி வளையும்.

அப்படியும் கால் மி.மீ. ஆடும். அதற்கு மஞ்சள் வட்டத்தை 0.7 மி.மீ. பெரிதாக்கி இளஞ்சிவப்புக்கு அடியில் நுழையவிடுங்கள். பிறை போய், அந்த இடத்தில் மெல்லிய ஆரஞ்சு வளையம் வரும். சூரியனுக்கு அது பொருத்தம்தான். கறுப்பை எல்லாவற்றின் மேலும் 1 மி.மீ. ஏற்றுங்கள்.

ஜூன் 11, இரவு 10.30 · பலகைக்காரர்

விளிம்பைப் பற்றி ஒன்று. உங்கள் வெக்டர் கோடுகள் அளவுக்கு மீறி வழுவழு. அந்தக் காலத்தில் ரூபிலித் என்கிற சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி உரித்து நிறம் பிரித்தார்கள். கத்தி வளைவில் திரும்பும்போது சின்னச் சின்ன நேர்த்துண்டுகளாகத்தான் போகும், மூலையில் ஒரு மயிரிழை தாண்டும். அலையின் விளிம்பில் மட்டும் புள்ளிகளைக் குறைத்து, இரண்டு மூன்று இடத்தில் வளைவை ஒடியுங்கள். எழுத்தையும் ஆயத்த எழுத்துருவில் வைக்காமல் கையால் வரையுங்கள். நீங்கள் காபிக் கறையில் தேடியது இங்கே இருக்கிறது.

ஜூன் 15, மாலை 5.15 · கேட்டவர்

முப்பது தாள் அடித்தாயிற்று. பளிச் வெள்ளைத் தாள், மூன்று ஸ்கிரீன், வுடி, பாலம் இடது பக்கம், ஆள் நிமிர்ந்து நிற்கிறான், வால் நுரைக்குள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் இரண்டு பேர் விலை கேட்டார்கள். சட்டம் போடுவதில் கவனிக்க ஏதாவது உண்டா? இன்னும் இருபது தாள் அடிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன் எதுவும் திருத்த வேண்டுமா?

ஜூன் 15, மாலை 5.50 · ஸ்கிரீன்காரர்

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். நேர் வெயில் பட்டால் சில மாதத்திலேயே ஃப்ளோரசன்ட் வெளிறும். புற ஊதா தடுக்கும் கண்ணாடி போடுவது நல்லது, ஆனால் அந்தத் தகதகப்பில் கொஞ்சம் குறையும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. தாளின் முகம் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் அட்டை விளிம்பு வையுங்கள்.

ஜூன் 15, இரவு 8.05 · பலகைக்காரர்

பெரிதாக்கிப் பார்த்தேன். ஆள் பக்கவாட்டில் நிற்கிறான்; இடது பாதம் வலது பாதத்தை மறைக்கும். மூக்கைத் தாண்டி ஐந்து விரல்தான் தெரிய வேண்டும். நீங்கள் பெயருக்கு மரியாதை கொடுத்துப் பத்தும் வரைந்திருக்கிறீர்கள், பலகையின் நுனி சீப்பு மாதிரி இருக்கிறது. புது ஸ்கிரீன் வேண்டாம். கறுப்பு ஸ்கிரீனில் மிகையான ஐந்து விரல் இருக்கும் இடத்தில் மெல்லிய தூரிகையால் அடைப்புத் திரவம் ஒரு சொட்டு, இருபது நிமிடம் காயவிட்டு அடியுங்கள்.